மாத்திரைக்கும் பத்தியம் உண்டு

நாட்டு மருந்து வாங்கும்போது, 'என்ன பத்தியம்?' என்று கேட்காமல் நாம் கடையை விட்டு இறங்குவதில்லை. ஆங்கில மருந்தை வாங்கும்போதோ அந்தக் கேள்வி நம் நினைவுக்கு வருவதில்லை. விழுங்கிய மாத்திரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். ஆனால் நாம் உண்ணும் உணவும், புகைக்கும் பீடியும், அருந்தும் மதுவும் அந்த மாத்திரை உடலில் என்னவாகிறது என்பதை மாற்றக்கூடியவை. இதற்குக் காசநோய் மருந்துகள் நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர்ப் பக்கம் வாழ்பவர்களுக்குத் 'தாம்பரம் சானடோரியம்' என்பது ஒரு ரயில் நிலையத்தின் பெயராகப் பழகியிருக்கும். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவ நிலையத்தால் வந்த பெயர் அது. அரசு அதனை 1937-இல் ஏற்றுக்கொண்டது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அந்நாளில் இல்லை. தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றையுமே மருத்துவர்கள் நம்பியிருந்தனர்.

சென்னை காட்டிய உண்மை

மருந்துகள் வந்த பிறகு ஒரு கேள்வி எழுந்தது. நல்ல உணவும் ஓய்வும் இல்லாத ஏழையின் உடலில் இம்மருந்துகள் வேலை செய்யுமா? இதற்கு விடை காண 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்து, கிடைத்ததை உண்டு, வேலையும் செய்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டு அதே மருந்துகள் தரப்பட்டன. வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தனர் என்பதே 1959-இல் வெளியான முடிவு. உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்த இது வழிவகுத்தது.

சத்துணவு வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. காசநோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் தொற்றுவது வெகுவாகக் குறைகிறது என்று ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது. நலிந்த உடல் தேறவும் நல்ல உணவு வேண்டும். ஆனால் விலை உயர்ந்த உணவு வாங்க முடியவில்லையே என்று மருந்தின்மீது நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. எதை, எப்பொழுது உண்கிறோம் என்பதே மருந்தைப் பொறுத்தவரை முக்கியம்.

மாத்திரையின் பயணம்

விழுங்கிய மாத்திரை இரைப்பையில் கரைந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்குள்ள நொதிகள் அதன் ஒரு பகுதியை மாற்றிவிடுகின்றன. எஞ்சியது இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது. இந்தப் பயணத்தில் மூன்று இடங்களில் நம் பழக்கங்கள் குறுக்கிடுகின்றன.

முதலிடம் வயிறு. ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட் என்ற இரு மருந்துகளும் வெறும் வயிற்றில் நன்கு உறிஞ்சப்படுகின்றன. பூரியும் வடையும் போன்ற எண்ணெய்ப் பண்டங்களை வயிறார உண்டபின் விழுங்கினால், இரத்தத்தில் அவை எட்டும் உச்ச அளவு குறைந்துவிடுகிறது. அலுமினியம் கலந்த அமிலமுறி மருந்தும் ஐசோநியாசிட்டைத் தடுக்கும். எனவேதான் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் பின்போ மாத்திரை விழுங்கச் சொல்கிறார்கள்.

இரண்டாமிடம் கல்லீரல். ஐசோநியாசிட்டைச் சிலர் உடல் விரைவாகவும் சிலர் உடல் மெதுவாகவும் மாற்றும். இது பிறவியிலேயே அமைவது. தென்னிந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவானவர்கள். இவர்களுக்குக் கை கால் மரமரப்பு வரும் வாய்ப்பு அதிகம். பி-6 வைட்டமினான பிரிடாக்சினைச் சிறிதளவு கொடுத்தாலே இதைத் தடுக்கலாம் என்று சேத்துப்பட்டு ஆய்வுகள் காட்டின. மது அருந்துவோருக்கும் சத்துக்குறைவு உள்ளோருக்கும் இவ்வைட்டமின் இன்னும் அவசியம். மதுவுக்கு வேறொரு கேடும் உண்டு. இம்மருந்துகளே கல்லீரலுக்குச் சுமை. மதுவும் சேர்ந்தால் மஞ்சள் காமாலை வரை கொண்டுபோய் விடலாம்.

புகையும் கல்லீரலைத் தொடுகிறது. ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோஃபிலின் என்ற மருந்தைப் பாருங்கள். பீடி, சிகரெட் புகையிலுள்ள கரிப்பொருள்கள் கல்லீரல் நொதி ஒன்றைத் தூண்டிவிடுவதால், புகைப்பவர் உடலில் இம்மருந்து விரைவில் அழிந்துவிடுகிறது. அவர் புகைப்பதை விட்டுவிட்டால் அதே அளவு மருந்து உடலில் மிகுந்து போகும். ஆகவே புகையை விடுபவர் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மருந்தே உணவைக் குறுக்கிடும் இடம். சூரை போன்ற மீன்களைச் சரியாகக் குளிரூட்டி வைக்காவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்கிறது. சமைத்தாலும் அது போவதில்லை. அதை அழிக்கும் நொதியை ஐசோநியாசிட் தடுத்துவிடுகிறது. அதனால் மீன் உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வரும். இலங்கையில் உரகொட, கோட்டேகொட என்ற இருவர் இதனை 1977-இல் விவரித்தனர். மற்ற மீன்களைப் புதியதாக வாங்கி உண்ணத் தடையில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பத்தியம்

இத்தகைய தொல்லை வந்தவுடன், 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அதுதான் பேராபத்து. பாதியில் நிறுத்தினால் தப்பிப் பிழைக்கும் கிருமிகள் பெருகி, நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத நோயாகவும் மாறலாம். வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டினால் மருத்துவரைக் கேட்டுச் சிறிது இட்லியோ கஞ்சியோ உண்டு விழுங்குங்கள். உறிஞ்சுதல் கொஞ்சம் குறைந்தாலும், மருந்தே இல்லாமலிருப்பதைவிட அது மேல். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாவது இயல்பு, அதற்கு அஞ்ச வேண்டாம். சொன்ன காலம் முழுவதும் நாள் தவறாமல் மாத்திரை விழுங்குவதே காசநோய்க்கான முதல் பத்தியம்.