கருமணலில் அடங்கிய உலோகங்களை அறியும் முறை

அரபிக் கடலோரத்தில், கொல்லத்திற்கு வடக்கேயுள்ள சவரா முதல் தெற்கே மணவாளக்குறிச்சி வரை, ஆங்காங்கே கருமணல் படிந்து கிடக்கின்றது. திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்திலும் இம்மணலைக் காணலாம். பார்வைக்கு ஒரே பொருளாகத் தோன்றும் இதில் இல்மனைட், ரூடைல், சிர்க்கான், மோனஸைட் முதலிய பல கனிமங்கள் கலந்துள்ளன. 1909-ஆம் ஆண்டில், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர், அதில் மோனஸைட் இருப்பதைக் கண்டறிந்தார். நாருடன் வீணே சென்றுகொண்டிருந்த மணல் அதன் பின்னரே வாணிபப் பொருளாயிற்று.

ஒரு பொருளில் இன்ன உலோகம் உள்ளது என்று கூறுவதற்கு நிறமும் தோற்றமும் போதிய சான்றாகா. பொட்டாசிய உப்பு சுடருக்கு இளஊதா நிறம் தரும். ஆனால் அதனுடன் சிறிதளவு சோடியம் கலந்திருப்பினும் அதன் மஞ்சள் ஒளி ஊதாவை மறைத்துவிடும். நீலநிறக் கோபால்ட் கண்ணாடியின் வழியே நோக்கினால் மஞ்சள் தடுக்கப்பட்டு ஊதா புலப்படும். இடையூறு செய்வதை முதலில் நீக்கி, எஞ்சியதைப் பின்னர் உறுதி செய்தல் என்பதே பகுப்பாய்வு முழுமைக்கும் அடிப்படையாகும்.

தொகுதிகளாகப் பிரித்தல்

உப்பைக் கரைத்துப் பெற்ற கரைசலில் வினைப்பொருள்களை ஒரு குறித்த வரிசையில் சேர்த்தால், உலோக அயனிகள் தொகுதி தொகுதியாக வீழ்படிவாகின்றன. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெள்ளி, ஈயம், மெர்க்குரஸ் அயனிகளைப் படியச் செய்யும். அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தினால் செம்பு, பிஸ்மத், காட்மியம், ஆர்செனிக் முதலியவை வீழும். மூன்றாம் தொகுதியில் அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும் இரும்பு, அலுமினியம், குரோமியம் ஆகியவற்றைப் படிவிக்கின்றன. அடுத்து, காரக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு துத்தநாகம், மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றையும், அம்மோனியம் கார்பனேட் பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் ஆகியவற்றையும் பிரிக்கும். மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவை இறுதியில் எஞ்சும். அம்மோனியம் அயனியை மட்டும் தொடக்கத்திலேயே மூல உப்பில் சோதித்தல் வேண்டும். ஏனெனில் இடையில் நாமே அம்மோனியாவைச் சேர்க்கிறோம்.

கருமணலின் முக்கிய உலோகங்களான இரும்பு, டைட்டானியம், தோரியம், சீரியம் ஆகிய நான்கும் மூன்றாம் தொகுதியிலேயே வீழ்கின்றன. எனவே இத்தொகுதியில் மிகுந்த கவனம் தேவை. அம்மோனியம் குளோரைடு அம்மோனியாவின் காரத்தன்மையைக் குறைத்து, மக்னீசியம் போன்றவை இங்கேயே படிந்துவிடாமல் காக்கின்றது. அம்மோனியா சேர்ப்பதற்கு முன் கரைசலைக் கொதிக்க வைத்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியேற்றி, சில துளி நைட்ரிக் அமிலம் இட வேண்டும். அப்போதுதான் பெரஸ் இரும்பு பெரிக் இரும்பாக மாறி முற்றிலும் வீழ்படிவாகும்.

இரும்பும் டைட்டானியமும்

இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த கனிமம். இதன் தூளைப் பொட்டாசியம் பைசல்பேட்டுடன் உருக்கி, ஆறிய பின் குளிர்ந்த நீர்த்த கந்தகாமிலத்தில் கரைக்க வேண்டும். வெந்நீரில் கரைத்தால் டைட்டானியம் வெண்ணிற வீழ்படிவாகப் பிரிந்துவிடும்.

பெரிக் இரும்பு இருப்பின் பொட்டாசியம் தயோசயனேட் இரத்தச் சிவப்பு நிறம் தரும். பெரஸ் இரும்பு பொட்டாசியம் பெரிசயனைடுடன் கருநீலமாகும். டைட்டானியக் கரைசல் ஹைட்ரஜன் பெராக்ஸைடுடன் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம் பெறும். ஆனால் பெரிக் இரும்பின் கரைசலும் இயல்பாகவே மஞ்சள். எனவே மஞ்சளைக் கண்டவுடன் டைட்டானியம் என்று எழுதுதல் தவறாகும். முதலில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து இரும்பின் நிறத்தை நீக்கி, அதன் பின்னரே பெராக்ஸைடை இட வேண்டும்.

இவ்விரு உலோகங்களையும் பிரித்தறிவது தொழில்துறையிலும் இன்றியமையாததாகும். திருவனந்தபுரம் கொச்சுவேளியில் 1946-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை, இல்மனைட்டிலிருந்து வர்ணங்களுக்கு வேண்டிய டைட்டானியம் டையாக்ஸைடு என்னும் வெண்பொடியைத் தயாரிக்க ஏற்பட்டது. இதற்குரிய கந்தகாமில முறையில், கரைசலில் பெரிக் இரும்பு எஞ்சினால் அது டைட்டானியத்துடன் படிந்து பொடியின் வெண்மையைக் கெடுத்துவிடும். ஆகவே பழைய இரும்புத் துண்டுகளை இட்டு அதனைப் பெரஸ் இரும்பாக மாற்றுகின்றனர். பெரிக் இரும்பு முற்றிலும் மறைந்த பின்னரே டைட்டானியத்தில் ஒரு சிறு பகுதி ஒடுக்கமடைந்து ஊதா நிறம் காட்டும். அந்த ஊதா நிறமே, கரைசலில் பெரிக் இரும்பு இல்லை என்பதற்கு அடையாளம்.

மோனஸைட்

மோனஸைட், சீரியம், லாந்தனம், தோரியம் முதலியவற்றின் பாஸ்பேட் ஆகும். பாஸ்பேட் உள்ள கரைசலில் அம்மோனியா சேர்த்தால், பின்னர் வர வேண்டிய கால்சியமும் பேரியமும் மூன்றாம் தொகுதியிலேயே படிந்து ஆய்வாளரை ஏமாற்றும். ஆதலின் பாஸ்பேட்டை முதலில் அகற்றுதல் வேண்டும். ஆலுவாயில் 1952-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆலையிலும் எரிசோடாவினால் பாஸ்பேட்டைக் கரைத்து நீக்குவதே முதல் வேலையாக அமைந்தது.

பின்னர் ஆக்ஸாலிக் அமிலம் சேர்த்தால் தோரியமும் சீரியமும் ஒருங்கே ஆக்ஸலேட்டுகளாக வீழும். இவற்றுள் தோரியம் ஆக்ஸலேட் மட்டும் மிகுதியான சூடான அம்மோனியம் ஆக்ஸலேட்டில் கரையும். சீரியம், அம்மோனியாவுடனும் ஹைட்ரஜன் பெராக்ஸைடுடனும் செம்பழுப்பு வீழ்படிவு தந்து தன்னை வெளிப்படுத்தும். இவ்வேறுபாடு அற்பமானதன்று. அக்காலத்து வாயு விளக்கின் வலைத்திரி 99 பங்கு தோரியம் ஆக்ஸைடும் 1 பங்கு சீரியம் ஆக்ஸைடும் கொண்டது. சீரியம் கூடினாலும் குறைந்தாலும் ஒளி மங்கிவிடும்.

ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் கவனிக்க வேண்டியவை

மோனஸைட் கதிரியக்கமுடையது, அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. ஆகையால் அதனைத் திரட்டுவதோ பள்ளியில் சோதிப்பதோ கூடாது. வகுப்பில் பெரிக் ஆலம், படிகாரம், துத்தநாக சல்பேட் போன்ற உப்புகளைக் கொண்டே இம்முறையைக் கற்பிக்கலாம். ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு. காற்று வெளியேறும் வசதியுள்ள இடத்திலேயே அதைக் கையாள வேண்டும்.

உப்பு இல்லாத வெறும் நீரிலும் வினைப்பொருள்களைச் சேர்த்து ஒவ்வொரு சோதனையையும் ஒருமுறை செய்து பார்ப்பது நன்று. வினைப்பொருளிலேயே இரும்பு கலந்திருந்தால் அது இதனால் வெளிப்படும். தொகுதிச் சோதனை ஐயத்தை எழுப்பும். உறுதிச் சோதனையே அதனைத் தீர்க்கும். இரண்டும் ஒத்து வந்த பின்னரே உலோகத்தின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கத்தை மாணவர்களிடம் வளர்த்தல் வேண்டும்.