மேல்கை எலும்பு முறிந்தால் கட்டா? பிளேட்டா? கம்பியா?

சென்னை:

பைக் சறுக்கி விழுந்தும், சாரத்தில் இருந்து தவறி விழுந்தும் கை ஒடிந்து ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் ஏராளம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு எலும்பு. அது முறிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, ''பிளேட் வைக்கணுமா, கட்டு போட்டாலே சேர்ந்துடுமா?'' என்பதுதான்.

இந்த எலும்பு கட்டிலும் சேரக்கூடியது. முதலில் மாவுக்கட்டு போட்டு, வீக்கம் வடிந்ததும் பிளாஸ்டிக் உறை போன்ற 'பிரேஸ்' மாட்டுவார்கள். கை தொங்கும்போது அதன் எடையே எலும்பை நேராக இழுத்துப் பிடிக்கும். சேர சுமார் 3 மாதம் ஆகலாம்.

பிளேட், கம்பி என்ன வித்தியாசம்?

பிளேட் ஆபரேஷனில் கையை நீளமாக திறந்து, எலும்பை ஒட்ட வைத்து, உலோகத் தகட்டை ஸ்குரூவால் முடுக்குவார்கள். தோள்பட்டைக்கு பாதிப்பு இல்லை. ஆனால், மணிக்கட்டை தூக்க வைக்கும் நரம்பு இந்த எலும்பை ஒட்டியே சுற்றிப் போகிறது. அதில் காயம் படாமல் பார்க்க வேண்டும்.

கம்பி முறையில் பெரும்பாலும் தோள் பக்கம் சிறிய துளை போட்டு, எலும்பின் உள்ளே நீளமான கம்பியை செலுத்துவார்கள். தழும்பு சிறியது. ஆனால் தோள் தசைநாரை கீறி உள்ளே போவதால், சிலருக்கு கையை தூக்கும்போது வலி இருக்கும். பெயிண்டர், கொத்தனார், மூட்டை தூக்குபவர்கள் தங்கள் வேலையை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எலும்பு வெளியே தெரிந்தாலோ, ரத்தக்குழாய் அறுந்தாலோ கட்டு போதாது. ஆபரேஷன்தான்.

ஆய்வு சொல்வது என்ன?

பின்லாந்தில் 82 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. பிளேட் வைத்தவர்கள், பிரேஸ் மாட்டியவர்கள் என இரு தரப்பினரின் கையும் ஓராண்டில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இயங்கியது.

ஆனால் பிரேஸ் மாட்டிய 44 பேரில் 13 பேருக்கு அந்த ஓராண்டுக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. தாமதமாக ஆபரேஷன் செய்தவர்களின் கை, 2 ஆண்டு கழித்தும் மற்றவர்களை விட பின்தங்கியே இருந்தது.

எனவே, கட்டு போட்டாச்சு என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. சொன்ன தேதியில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 6 வாரம் ஆகியும் முறிந்த இடம் ஆடினால், ''ஆபரேஷன் வேணுமா டாக்டர்?'' என்று கேட்டுவிட வேண்டும்.

எச்சரிக்கை

அடிபட்டதும் மணிக்கட்டு தூக்க முடியாமல் தொங்கினால் நரம்பு பாதித்துள்ளது என்று அர்த்தம். பெரும்பாலானவர்களுக்கு சில மாதங்களில் தானாக சரியாகும் என்றாலும், டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவுவது ஆபத்து. விரல்கள் நீலம் பாய்ந்தால் கட்டை உடனே தளர்த்த வேண்டும். பீடி, சிகரெட் பிடித்தால் எலும்பு சேர்வது தாமதமாகும்.

தமிழகத்தில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்- நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை, குறிப்பிட்ட தொகை வரை இலவசம்.