தோட்டமும் சந்தையும்

பயிர் செய்தல் ஒரு தொழில். விளைந்ததை விற்றல் பிறிதொரு தொழில். முன்னதிற் கைதேர்ந்த யாழ்ப்பாணக் கமக்காரர் பின்னதில் ஏன் இடர்ப்படுகின்றனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் இணுவில், உரும்பிராய், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன் முதலிய ஊர்களின் செம்பாட்டுத் தோட்டங்களில் உள்ளது. இன்று வைத்தியராகவும் கணக்காளராகவும் விளங்குவோரின் பாட்டனார் துலா மிதித்தவராக இருத்தல் அரிதன்று. ஆதலின் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

குடாநாட்டில் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கித் தேங்குகின்றது. அதனைக் கிணற்றினின்று இறைத்தே தோட்டம் செய்யவேண்டும். நிலமோ சிறிது. ஓர் ஏக்கருக்குப் 16 பரப்பு. பலரிடம் இருப்பவை சில பரப்புகளே. முதுசொமும் சீதனமும் தலைமுறைதோறும் அவற்றை மேலும் துண்டாக்கின. இத்துணைச் சிறு நிலத்தில் ஒரு குடும்பம் பிழைக்கவேண்டின், விலைமிக்க பயிரையே நடுதல் வேண்டும். விலைமிக்க பயிரோ விற்பதற்கன்றி உண்பதற்கு ஆகாது. நெல் விதைத்தவன் விலை வீழ்ந்த ஆண்டில் வீட்டுப் பானையையேனும் நிரப்புவான். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் நட்டவன் சந்தையையே நம்பி நிற்பான்.

இந்நிலை இன்று நேற்று எழுந்ததன்று. திருவிதாங்கூருக்குச் சென்ற மலையாளப் புகையிலை நெடுங்காலம் யாழ்ப்பாணத்தின் முதன்மையான விலைப்பயிராய் இருந்தது. ஆயின் அவ்வரசு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும் புகையிலை வணிகத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. பின்னர் வரிகளை விதித்தது. கடலுக்கு அப்பால் ஒருவர் எடுக்கும் முடிவால் இங்குள்ள தோட்டக்காரனின் வருவாய் ஏறியிறங்கியது. 1930களில் மலையாளப் புகையிலைக்கெனக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைக்கப்பட்டமை இவ்விடர்க்குக் கமக்காரர் கண்ட மறுமொழி எனலாம். அச்சந்தை படிப்படியாகச் சுருங்கியது. தென்னிலங்கைச் சுருட்டுக் கடைகள் எஞ்சிய புகையிலைக்குச் சிறிது காலம் கைகொடுத்தன.

புகையிலையின் இடத்தை வெங்காயமும் மிளகாயும் பிடித்தன. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது, மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் துலாவை அகற்றியது, லொறிகள் பெருகின. 1970இல் அமைந்த அரசு துணையுணவுப் பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது விலை உயர்ந்தது. கல்வீடுகள் எழுந்தன; படித்த இளைஞரும் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய வன்னிக் குடியேற்றங்களில் மிளகாய் நட்டனர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அவ்வளம் தேயலாயிற்று. அந்த ஏழாண்டுச் செழிப்பை இன்றும் பொற்காலமெனப் போற்றுவோர் உளர். அவர்கள் ஒன்றை மறக்கின்றனர்: கொழும்பில் மிளகாய் வாங்கிய ஏழைக் குடும்பமே அவ்வுயர்ந்த விலையைச் செலுத்தியது. பின்னர்ப் போர் வந்தது. யாழ்ப்பாணம்–கண்டி பெருவீதி 1990இல் அடைபட்டு, 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் அடைபட்டது. 2009இல் போர் முடிந்தபின் வழி திறந்தது. ஆயின் அதே வழியால் வெளியூர் மரக்கறியும் குடாநாட்டிற்குள் வந்தது.

இனி விலை ஏன் இவ்வாறு தாவுகின்றது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம். ஆங்கிலேயரான கிரெகரி கிங் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தானியத்தை வைத்து ஒரு கணக்கிட்டார்; சார்ள்ஸ் டவனன்ற் அதனை 1699இல் வெளியிட்டார். விளைவு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு உயரும் என்பது அக்கணக்கு. உணவுப் பொருளின் தேவை எளிதில் நெகிழாமையே இதன் காரணம். மலிந்துவிட்டது என்பதற்காக யாரும் கறியில் இருமடங்கு வெங்காயம் இடுவதில்லை. ஆகவே விளைவு சிறிது மிகுந்தாலும் விலை பெரிதும் வீழும். ஊர் முழுவதும் நன்றாக விளைந்த ஆண்டே ஊர் முழுவதும் நட்டமடையும் ஆண்டாகலாம்.

வெங்காயத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. இதனைப் பொருளியல் நூல்களைவிடக் கமக்காரரே நன்கறிவர். யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம் பெரும்பாலும் வெங்காயத்தையே நட்டுப் பயிராக்கப்படுவது. விதையும் விளைவும் ஒரே பொருள். விலை உச்சத்தில் நிற்கும்போது எல்லோருக்கும் நடும் ஆசை எழும். அப்பொழுது விதைவெங்காயத்தின் விலையும் உச்சத்திலேயே நிற்கும். கமக்காரன் நகையை அடைவு வைத்து உயர்ந்த விலைக்கு விதை வாங்குகிறான். இரண்டு இரண்டரை மாதத்தில் எல்லோர் தோட்டத்திலும் ஒருங்கே கிண்டுதல் தொடங்கும். அன்று விலை தாழ்ந்திருக்கும். உயரத்தில் வாங்கித் தாழ்வில் விற்கும் வணிகன் ஒரு பருவத்திலேயே கடையை மூடிவிடுவான். கமக்காரன் அதனை ஆண்டுதோறும் செய்ய நேர்கிறது. சென்ற பருவத்து விலையை நோக்கி இப்பருவத்தில் நடுவதால் விலையும் விளைவும் மாறிமாறி ஊசலாடுவதை மோர்டெக்காய் எசக்கியல் 1938இல் ‘சிலந்திவலைத் தேற்றம்’ என விளக்கினார். வலையிற் சிக்குவது யார் என்பது நம் சந்தைகளிற் கண்கூடு.

சந்தைக்குச் சென்றபின் நிகழ்வது வேறு. சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி முதலிய சந்தைகளில் 100 கிலோவிற்கு 10 கிலோவைக் ‘கழிவு’ என நீக்கி எஞ்சியதற்கே விலை கொடுக்கும் வழக்கம் கமக்காரரின் நெடுநாள் முறையீடாக இருந்துவந்துள்ளது. பத்தில் ஒன்றுதானே என எண்ணுதல் தவறு. கணக்கிற்காக, 1,000 கிலோ வெங்காயம் கிலோ 150 ரூபாவாக விற்கின்றது என்றும், செய்கைச் செலவு 1,20,000 ரூபா என்றும் கொள்வோம். கழிவின்றேல் வரவு 1,50,000, ஊதியம் 30,000. கழிவு போனால் வரவு 1,35,000, ஊதியம் 15,000. எடையிற் பத்தில் ஒரு பங்கு போயிற்று. ஊதியத்திலோ பாதி போயிற்று. வாடலும் மண்ணும் கழிவதற்கு நியாயம் உண்டு என்று வியாபாரி கூறுவது முற்றும் பொய்யன்று. ஆனால் நன்கு உலர்த்தித் துப்புரவாக்கிய வெங்காயத்திற்கும் அதே பத்து என்றால், உலர்த்துவதற்கு எவன் முயல்வான்?

இக்கணக்கிலும் ஒரு பெருஞ்செலவு ஏறவில்லை. விடியலில் நீர் கட்டும் தந்தையும், புல் பிடுங்கும் தாயும், பாடசாலை விட்டு வந்து வெங்காயம் ஆயும் பிள்ளைகளும் கூலி பெறுவதில்லை. இரசியப் பொருளியலறிஞர் சயானொவ் 1920களிற் காட்டியவாறு, குடும்பக் கமம் தன் உழைப்பிற்குத் தானே குறைந்த கூலி கொடுத்து நட்டத்தைத் தாங்குகின்றது. முதலாளியின் பண்ணை மூடப்படும் விலையிலும் குடும்பத் தோட்டம் இயங்குவதன் மருமம் இதுவே. பிள்ளைகள் அத்தொழிலை விட்டு நீங்குவதன் காரணமும் இதுவே என்பது என் கருத்து.

பரிகாரம் யாது? அரசின் இறக்குமதி வரியைப் பலர் சுட்டுவர். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வெங்காயத்தின் வரி வர்த்தமானி அறிவித்தலால் அவ்வப்போது கூட்டியும் குறைத்தும் வந்துள்ளது. 2019, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது கொழும்பில் விலை ஏறியது. பெரிய வெங்காயத்தின் விலை சின்ன வெங்காயத்தையும் உடன் இழுத்துச் செல்லும். இத்தகைய நிலையில் வரியின் அளவைவிட அது அறிவிக்கப்படும் காலமே முக்கியமானது. நடுகைக்கு முன் அறிவித்தால் கமக்காரன் அதற்கேற்ப நடுவான். கிண்டும் வாரத்தில் அறிவித்தால் அவனுக்கு அது சூதாட்டமே.

1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைபோல நேரடி விற்பனை வேண்டும் என்போரும் உளர். நகரத்தை அடுத்த ஊருக்கு அது நன்று. ஏறக்குறைய 400 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்பிற்கு ஒவ்வொருவரும் தம் மூட்டையைத் தாமே கொணர இயலாது. தரகரை ஒழித்தாலும் தரகரின் வேலை ஒழியாது. அதனை வேறொருவர் செய்தே ஆகவேண்டும்.

கமக்காரனுக்கு உண்மையிற் குறைவது காத்திருக்கும் ஆற்றல். நன்கு உலர்த்திப் பிடி பிடியாகக் கட்டிக் காற்றோட்டமான கொட்டிலிற் தொங்கவிட்டால் வெங்காயம் சில மாதம் நிற்கும்; எடை சிறிது குறையும், விலை பெரும்பாலும் ஏறும். ஆயின் அடைவு நகையின் வட்டி காத்திராது. 1882இல் டென்மார்க்கில் எழுந்த பாற்பண்ணைக் கூட்டுறவும், 1946இல் குசராத்தின் கைரா மாவட்டத்தில் எழுந்ததும் வெற்றி பெற்றன. பால் நாள்தோறும் வருவது. உறுப்பினருக்கும் நாள்தோறும் பணம் வரும். வெங்காயச் சங்கத்திற்கு அவ்வழி முற்றும் பொருந்தாது. அது களஞ்சியத்தில் ஒப்படைத்த சரக்கின் ஈட்டில் விலையின் ஒரு பகுதியை முற்பணமாகக் கொடுத்து, மீதியை விற்றபின் தீர்க்கவேண்டும். இதற்கு நேர்மையான நிறுவையும் தரம் பிரித்தலும் இன்றியமையாதன.

இவ்விடத்தில் வெள்ளவத்தை வாசகர்க்கும் ஒரு பங்குண்டு. ஊரிலுள்ள தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு இங்கு வாழ்வோர் நம்மிற் பலர். முழுக் குத்தகையையும் நடுகைக்கு முன்னரே கேட்பதுண்டு. விதை வாங்கவேண்டிய அதே வாரத்தில் குத்தகையும் கட்டவேண்டியவன் இருமடங்கு கடன்படுகின்றான். கடன் மிகுந்தவன் முதலில் விற்கின்றான். முதலில் விற்போர் பலராயின் விலை வீழ்கின்றது. குத்தகையை இரு தவணையாக்கி, இரண்டாவதை விற்பனைக்குப் பின் பெற நிலவுரிமையாளர் இசைந்தால், அவர்க்கு இழப்பு சில மாத வட்டி மட்டுமே. கமக்காரனுக்கோ அது கொட்டிலில் வெங்காயத்தைத் தொங்கவிட்டு வைக்கக் கிடைக்கும் அவகாசம்.