மெட்டி ஒலியும் நம் வீட்டுப் பெண்களும்

திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' தொடரை மறந்திருக்க மாட்டீர்கள். 2002 முதல் 2005 வரை சன் டிவியில் 800 பாகங்களுக்கு மேல் ஓடியது. 2020 கொரோனா காலத்தில் மறுபடியும் போட்டார்கள்.

தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்துக் கரையேற்றப் பாடுபடுகிறார் அப்பா சிதம்பரம். மகள் சரோ, மாமியார் ராஜத்திடம் படாத பாடு படுகிறாள். அந்த ராஜத்தைத் திட்டாத வாய் உண்டா?

நாம் கேட்பது ஒன்று. பெண் என்றாலே பாரமா? பேராக் கித்தாத் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வாளி சுமந்து குடும்பத்தைக் காத்தவர்கள் யார்? பெண்கள்தானே! கித்தா போய்ச் செம்பனை வந்தது. லயம் போய் ஈப்போவில் அடுக்குமாடி வந்தது. இன்று பேக்டரிக்குப் போய்ச் சம்பளம் கொண்டு வருகிறவளும் பாரமா?

இன்னொன்று. சரோ அழுததைப் 'பொறுமை' என்று மெச்சினோம். அது கதைக்கு ஆகும், வீட்டுக்கு ஆகாது. நம் நாட்டில் 1994-லேயே குடும்ப வன்முறைச் சட்டம் வந்துவிட்டது. 2017-இல் செய்த திருத்தத்தின்படி, அடி உதைக்கு அஞ்சி வரும் பெண்ணுக்குச் சமூகநல அதிகாரியே 7 நாள் அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரலாம். போலீசுக்குப் போகலாம், 15999 எண்ணுக்குப் போன் போடலாம்.

அடிபட்டு வந்து நிற்கும் மகளிடம், "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லாதீங்க. சீரியலில் கண்ணீர் 800 பாகம் ஓடட்டும். நம்ம வீட்டுல ஒரு நாள்கூட ஓடக்கூடாது.