மெல்லிய வயிற்று நாய்க்கு மெதுவாய் வெந்த உணவு

நாயை நன்றியுள்ள பிராணி என்று புகழாதார் இலர். ஆயினும், அதன் வயிற்றைப் பற்றிச் சிந்திப்பவர் மிகச் சிலரே. நம் நாட்டில் யாழ்ப்பாணமாயினும் மட்டக்களப்பாயினும், வீட்டார் உண்டு மிஞ்சிய சோற்றையும் கறியையும் ஒன்றாய்ப் பிசைந்து முற்றத்துப் பழஞ்சட்டியில் இடுவதே நாய்க்கு உணவூட்டல் எனப் பலர் கருதுகின்றனர். பல நாய்கள் அவ்வுணவிலேயே நெடுங்காலம் வாழ்ந்துவிடுகின்றன. சிலவற்றுக்கு அஃது ஒத்துவருவதில்லை. உண்ட சிறிது நேரத்தில் வாந்தி; மறுநாள் இளகிய மலம்; இரவெல்லாம் வயிற்றிரைச்சல். வீட்டாரோ, "கண்டதையும் தின்றுவிட்டது" என்று நாயையே குறைகூறுவர். பெரும்பாலும் அது தின்றது அவர்கள் இட்டதைத்தான்.

அந்தச் சட்டியில் இருப்பவை எவை என்று பார்த்தல் வேண்டும். மிளகாய்த்தூள் வயிற்றை எரிக்கும் என்பதை எவரும் அறிவர். அதனினும் தீயவை வெங்காயமும் உள்ளியும். இவற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும், பொரித்தாலும், தூளாக்கினாலும் அந்த நஞ்சு நீங்குவதில்லை. மீன்கறியின் மணம் ஏறிய வெறுஞ் சோறுதானே என்று இடுபவர்கள், அந்தக் குழம்பிலே வெங்காயமும் உள்ளியும் கரைந்திருப்பதை மறந்துவிடுகின்றனர். சொதியிலும் பாற்கறியிலும் மிகுந்துள்ள தேங்காய்ப்பாற் கொழுப்போ வேறொரு வகையில் தீங்கு செய்யும். கொழுப்பு இரைப்பையை விட்டு அகலத் தாமதமாகும். கணையம் நலிந்த நாய்க்கு அது கடும் அழற்சியையே வருவிக்கக் கூடும்.

சோற்றின் மீது பழி சுமத்துவோரும் உளர். நாய் ஓநாயின் வழிவந்தது, ஆகவே அதற்கு இறைச்சி மாத்திரமே உரியது என்பது அவர்கள் வாதம். 2013ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வொன்று இவ்வாதத்தைத் தளர்த்திவிட்டது. மாச்சத்தைச் சீரணிக்கச் செய்யும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு ஓநாயில் இரண்டு பிரதிகளாகவே இருக்க, நாயில் நான்கு முதல் முப்பது வரை பெருகியிருப்பதை அவர்கள் கண்டனர். மனிதனோடு கூடி வாழ்ந்து அவனது தானியத்தையும் உண்ணப் பழகிய பிராணி அது. ஆகையால், நன்றாக வெந்த சோறு நாய்க்குப் பகையன்று. நோயுற்ற வயிற்றுக்குத் தவிடு மிகுந்த சிவப்பரிசியைவிட வெள்ளைப் பச்சையரிசியே இலகுவானது.

இனி, மெதுவாக வேகவைத்தல் என்பதற்கு வருவோம். தணலடுப்பின் மேல் மண்சட்டியை மூடிவைத்து, இறைச்சி தன் சாற்றிலேயே கனியும்வரை காத்திருப்பது நம்மவர்க்குப் புதிதன்று. இதனையே மின்சாரத்தால் செய்யும் சட்டியை அமைத்தவர் அமெரிக்கரான ஏர்விங் நாக்சன். லித்துவேனியாவில் யூதர்கள் ஓய்வுநாளுக்கு முன்மாலையிலே அவரைப் பருப்புச் சட்டியை வெதுப்பகத்து அடுப்பில் வைத்து இரவெல்லாம் வேகவிட்ட வழக்கத்தைத் தம் தாய் சொல்லக் கேட்டே இதனை அவர் எண்ணினார் என்பர். 1940இல் அவர் காப்புரிமை பெற்றார். 1971இல் வேறொரு நிறுவனம் இதனைப் புதுப்பெயரோடு சந்தைக்குக் கொணர்ந்த பின்னரே உலகறிந்த பொருளாயிற்று. பருப்புக்கென்று பிறந்த இச்சட்டியில் சிவப்பு அவரைப் பருப்பை நேரே இட்டு வேகவைத்தல் கூடாது என்பது ஒரு வேடிக்கை. அப்பருப்பிலுள்ள நச்சுப் புரதம் கொதிநிலையிலன்றி அழியாது. மெதுவான சூடு அதற்குப் போதாது.

இம்முறையால் நாய்க்கு என்ன நன்மை? இறைச்சியின் இணைப்பிழையங்கள் நெடுநேரச் சூட்டில் கரைந்து கூழாகின்றன. நார் நாராய்ப் பிரியும் அவ்விறைச்சி இரைப்பைக்கு இலகுவானது. நீர் வடிக்கப்படாமையால், அதிற் கரைந்த சத்துக்கள் சட்டியிலேயே தங்கிவிடுகின்றன. ஆயினும், பெரிய நன்மை பலர் எண்ணாத ஒன்று. சமைத்ததைக் குளிரவைத்தால் கொழுப்பு முழுவதும் மேலே வெண்படலமாய் உறைந்து நிற்கும். ஒரு கரண்டியால் அதை வழித்தெடுத்துவிடலாம். மெல்லிய வயிற்று நாய்க்கு மருந்தெனத் தகுவது இச்செயலே. இதைச் செய்யாதவர் எத்தனை மணிநேரம் வேகவைத்தாலும் பயன் பாதிதான்.

செய்முறை கடினமானதன்று. தோலும் எலும்பும் நீக்கிய கோழியிறைச்சி 500 கிராம், கழுவிய பச்சையரிசி 250 கிராம், தோல் சீவிய பூசணிக்காய்த் துண்டுகள் 150 கிராம், நீர் ஒன்றேகால் லீற்றர் ஆகியவற்றைச் சட்டியில் இட்டு மூடவேண்டும். உப்பில்லை, எண்ணெயில்லை, கறித்தூளில்லை. குறைந்த சூட்டில் ஆறு முதல் எட்டு மணிநேரம், கூடிய சூட்டில் மூன்று முதல் நான்கு மணிநேரம் போதும். சோறு கஞ்சிபோற் குழைந்துவிடும், குழைய வேண்டியதே. வெந்து முடிந்தபோது ஏறக்குறைய இறைச்சி ஒரு பங்கு, சோறு இரு பங்கு என்ற அளவு கிடைக்கும். மின்சட்டி இல்லாதவர் மண்சட்டியிலே மெல்லிய தணலில், அடிக்கடி நீர் பார்த்து, இதனைச் செய்யலாம்.

உறைந்த இறைச்சியை அப்படியே சட்டியில் இடுதல் தவறு. அது மெல்லச் சூடேறும் வேளையில் கிருமிகள் பெருகிவிடும். மூடியை ஆவலினால் திறந்து திறந்து பார்ப்பதும் ஆகாது. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை மறவாதவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சமையலின் நடுவே மின்சாரம் நின்று, சட்டி இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆறிக்கிடந்தால், அவ்வுணவை எறிந்துவிடுதலே நன்று. எலும்பு மெதுவாக வெந்தால் பூப்போல் ஆகிவிடும் என்று நம்பி அதனையும் சேர்ப்போர் உண்டு. சமைத்த எலும்பு கூரிய சில்லுகளாய் உடைந்து குடலைக் கிழிக்கும். மீன் இடுவதாயின் முள்ளை விரலாலே தடவித் தடவி எடுத்தபின்பே இடுக.

வெந்ததைச் சட்டியோடு குளிரூட்டியில் வைக்காமல், அகன்ற தட்டுகளில் பரப்பி விரைவில் ஆறவிட்டு வைக்கவேண்டும். மூன்று நாளைக்கு அது தாங்கும். எஞ்சியதைப் பொதிகளாக உறையவிடலாம். ஒரே வேளையில் வயிறு நிரம்ப இடாது, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாக, உடற்சூட்டுக்கு வெதுப்பிக் கொடுத்தல் நலம்.

இவ்வளவு நல்ல உணவானால், இதையே வாழ்நாள் முழுதும் கொடுத்தால் என்ன என்று தோன்றும். இங்கேதான் அன்புள்ள வீட்டார் தவறிவிடுகின்றனர். கலிபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தார், நூல்களிலும் பிற இடங்களிலும் வெளிவந்த வீட்டு நாயுணவுக் குறிப்புகள் 200ஐ 2013இல் ஆராய்ந்தனர். அவற்றுள் 190இல் இன்றியமையாத சத்து ஒன்றேனும் குறைந்திருந்தது. மேலே சொன்ன கோழிக்கஞ்சியும் அக்குறையுள்ளதே. இறைச்சியில் பொசுபரசு மிகுதி, கல்சியம் சொற்பம். மாதக்கணக்கில் அதுவே உணவானால், உடல் தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை உறிஞ்சத் தொடங்கும். வளரும் குட்டியின் கால்கள் வளைந்துவிடும். நன்றாக அரைத்த முட்டையோட்டுத் தூள் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 2000 மில்லிகிராம் கல்சியம் உண்டு. ஆயின் துத்தநாகம், செம்பு, டீ, ஈ ஆகிய உயிர்ச்சத்துக்கள் ஆகியவற்றின் குறையை அது நிரப்பாது. நெடுநாள் வீட்டுணவே கொடுக்க விரும்புவோர் நாயின் எடையையும் வயதையும் சொல்லி மிருக வைத்தியரிடம் அளவு கேட்டுக்கொள்ளுதலே முறை. கஞ்சி சில நாட்களுக்கு உரியது.

எல்லா வயிற்றோட்டமும் மெல்லிய வயிற்றின் குற்றமுமன்று. மலத்தில் இரத்தம் கண்டாலும், குடித்த நீரும் வெளிவந்தாலும், தடுப்பூசி போடாத குட்டி சோர்ந்து படுத்தாலும் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்க நேரமில்லை. பார்வோ வைரசு நோய் சிறு குட்டியை ஓரிரு நாளிலே கொன்றுவிடக்கூடியது. கொக்கிப்புழுவும் இதே குறிகளோடு வரும்; அதற்கு மருந்து வேறு.

வயிறு சீரானபின் பழைய உணவுக்குத் திடீரெனத் திரும்புதல் கூடாது. முதல் இரண்டு நாள் கஞ்சி முக்காற்பங்கு, வழமையான உணவு காற்பங்கு. அடுத்த இரண்டு நாள் பாதிக்குப் பாதி. பின் இரண்டு நாள் கஞ்சி காற்பங்கு. ஏழாம் நாள் வழமையான உணவு மாத்திரம். அந்த வழமையான உணவு இனிமேல் வீட்டாரின் கறிச்சட்டி வழித்த சோறாக இருத்தலாகாது. கோழிச்சாறு கண்ட நாய் வெறுஞ் சோற்றை முகர்ந்துவிட்டு வீட்டாரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும். அதற்கு இரங்கிச் சொதியை ஊற்றிவிடாதிருத்தல் வேண்டும்.