எதிரொலியும் செய்தித் துடிப்பும்

பதுளை மலைச்சாரலில் நின்று ஒருவன் கூவினால், அக்குரல் இருமுறை கேட்கும்: ஒன்று நேரே வருவது; மற்றொன்று எதிர்மலையில் மோதி வருவது. நிறுத்தி நிறுத்திக் கூவின் சொற்கள் விளங்கும். விரைந்து கூவின் முன்சொல்லின் எதிரொலி பின்சொல்லின்மேல் விழும். ஈண்டுக் குரலை உயர்த்துவதாற் பயனில்லை. எதிரொலியும் உடன் உயரும். ஊவாத் தோட்டங்களிற் கைத்தொலைபேசி அலைக்கு நேரும் இடரும் இத்தகையதே.

எண்முறைச் செய்தி 0, 1 என்னும் குறிகளாற் செல்வது. ஒவ்வொரு குறியும் ஒரு துடிப்பாகும். துடிப்புச் சதுரமாகத் திடீரென எழுந்து விழின், பரந்த மீடிறன் வெளியை நிரப்பி அயற்செய்திகளைக் கெடுக்கும். ஆதலின் அதன் முனைகளை மழுக்கி வடிவமைப்பர். மழுக்க மழுக்கத் துடிப்புக் காலத்தில் நீண்டு அடுத்த குறியைத் தீண்டும். நீண்டாலும், அடுத்த குறியை அளக்கும் கணத்திற் சுழியாகுமாறு துடிப்பை அமைக்கலாம் என 1928 இல் ஹரி நைக்குவிஸ்ற் காட்டினார்.

1991 இல் வணிகச் சேவைக்கு வந்த ஜி.எஸ்.எம். முறையோ, மீடிறன் வெளியைச் சிக்கனப்படுத்தும் பொருட்டுக் குறிகள் சற்றுக் கலப்பதை அறிந்தே ஏற்றது. அதில் ஒரு குறியின் காலம் 3.69 மைக்கிரோசெக்கன். அதற்குள் வானொலியலை ஏறத்தாழ 1.1 கிலோமீற்றர் செல்லும். எனவே நமுனுகுல போன்றதொரு மலையில் மோதி அவ்வளவு தூரம் கூடுதலாகச் சுற்றி வரும் அலை, அடுத்த குறியின்மேலேயே விழும்.

இரைச்சலால் வரும் பிழை வலுவைக் கூட்டினாற் குறையும். எதிரலையால் வரும் பிழை அவ்வாறு குறையாது. அதற்கு மருந்து யாது? ஜி.எஸ்.எம். ஒவ்வொரு செய்தித்துண்டின் நடுவிலும் முன்னரே அறிந்த 26 குறிகளை வைத்தது. அவை வழியில் எவ்வாறு சிதைந்தன என்பதைக் கண்டு, வாங்கி ஏனையவற்றைச் சீராக்கும். நான்காந் தலைமுறை முறையோ நிறுத்திக் கூவுவோனை ஒத்தது: செய்தியைப் பல மெல்லோடைகளாகப் பிரித்து, 66.7 மைக்கிரோசெக்கன் நீளும் ஒவ்வொரு குறிக்கும் முன் ஏறத்தாழ 4.7 மைக்கிரோசெக்கன் காப்பிடை விடும். எதிரலையின் சுற்றுவழி 1.4 கிலோமீற்றருக்கு மேற்படின் அதுவும் போதாது.

பிழை மிகின் செய்தி மீள மீள அனுப்பப்பட்டுத் தாமதிக்கும், அல்லது அறும். 2014 ஒக்ரோபர் 29 இல் மண்சரிவு மீரியபெத்தையின் லயன்களை மூடிய மாகாணம் இது. ஈண்டு எச்சரிக்கை காலத்தே சேர்தல் உயிர்ப்பிரச்சினை. கோபுரத்தின் வலுவை மட்டும் பெருக்குவதால் அது கைகூடாது. மலையின் எதிர்க்குரலையும் கணித்தே கோபுரத்துக்கு இடந் தேர்தல் வேண்டும்.