திருட்டுத் திரைப்படக் கோப்புகளின் பெயரமைப்பு

திருட்டுத் திரைப்படக் கோப்பு என்பது உரிமையாளரின் அனுமதியின்றிப் படியெடுத்துப் பரப்பப்படும் திரைப்படத்தின் கணினிக் கோப்பு ஆகும். 2000களிலும் அதற்குப் பின்னரும் இணையத்தில் பரவிய இத்தகைய கோப்புகளின் பெயர்கள் ஓர் ஒழுங்குடன் அமைந்திருந்தன. படம் எவ்வழியாகக் களவாடப்பட்டது என்பதைப் பெயரே தெரிவித்தது. எந்தத் திரையரங்கில், எந்த நாளில் என்பதை அது தெரிவிக்கவில்லை. அதைக் கண்டறியும் அடையாளம் பின்னர்ப் படத்தின் உள்ளேயே பதிக்கப்பட்டது.

விசிடி காலம்

விசிடி தட்டின் தரநிலை 1993-இல் வெளியானது. இதில் படம் எம்பெக்-1 முறையில், 352×288 புள்ளிகளாகச் சுருக்கிப் பதியப்படும். ஒரு தட்டில் ஏறத்தாழ 74 முதல் 80 நிமிடம் வரை அடங்கும். ஆகவே இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டுகளும், அதைவிட நீண்ட படத்துக்கு மூன்று தட்டுகளும் தேவைப்பட்டன. சென்னையில் பர்மா பஜார் 'திருட்டு விசிடி' விற்பனைக்குப் பெயர்பெற்ற இடங்களுள் ஒன்று. விசிடியில் எந்தப் படமானாலும் கோப்பின் பெயர் 'ஏவிசெக்01.டேட்' என்றே இருக்கும். எனவே பெயரிலிருந்து எதையும் அறிய இயலாது.

பெயரின் உறுப்புகள்

இணையவழிப் பரிமாற்றம் வந்தபின் பெயர் விரிவடைந்தது. திறக்கும் முன்பே கோப்பின் தரம் தெரிய வேண்டியிருந்ததே காரணம். சொற்களுக்கிடையே இடைவெளிக்குப் பதில் புள்ளி இடப்பட்டது. ஒரு மாதிரிப் பெயர்:

படம்.2008.டிவிடிரிப்.எக்ஸ்விட்.எம்பி3.1சிடி-குழு

இதன் உறுப்புகள் முறையே படத்தின் பெயர், ஆண்டு, மூலம், காட்சிச் சுருக்கமுறை, ஒலிமுறை, அளவு, வெளியிட்ட குழு என்பனவாகும். இவற்றுள் மூலத்தைக் குறிக்கும் சொல்லே முதன்மையானது.

- கேம்: திரையரங்கில் அமர்ந்து கேமராவில் எடுத்தது. பார்வையாளரின் சிரிப்பும் இருமலும் இதில் கேட்கும்.
- டிஎஸ்: காட்சி கேமராவில் எடுக்கப்பட்டு, ஒலி மட்டும் நேரடி இணைப்பிலிருந்து பெறப்பட்டது.
- டிசி: படச்சுருளிலிருந்து இயந்திரம் வழியாக மாற்றப்பட்டது.
- பிடிவிடி: முறையான டிவிடி வரும் முன் வெளியான பிரதி. இச்சொல் இந்தியப் படங்களுக்கே பெரிதும் வழங்கியது.
- டிவிடிரிப்: விற்பனைக்கு வந்த டிவிடியிலிருந்து எடுத்தது.
- வெப்-டிஎல்: இணைய ஒளிபரப்புத் தளத்திலிருந்து எடுத்தது.

முன்பு வந்த பிரதி பழுதாக இருந்தால், வேறொரு குழு 'ப்ராப்பர்' என்னும் சொல்லைச் சேர்த்து மீண்டும் வெளியிடும். பெயர்கள் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டதால், 'ழ' போன்ற எழுத்துகள் வரும் தமிழ்ப் படங்களை ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டியிருந்தது.

குறியாக்கம்

அக்காலக் கோப்பின் அளவை ஒரு வெற்றுக் குறுந்தட்டின் கொள்ளளவான 700 எம்பி தீர்மானித்தது. பெயரில் வரும் '1சிடி' இதையே குறிக்கும். 160 நிமிடப் படத்தை 700 எம்பிக்குள் அடக்கினால் நொடிக்குச் சுமார் 610 கிலோபிட் கிடைக்கும். ஒலிக்கு 128 கிலோபிட் போக, காட்சிக்கு எஞ்சுவது சுமார் 480 மட்டுமே. விசிடியின் காட்சிக்கு 1150 கிலோபிட் செலவாயிற்று. அதில் பாதியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் அதைவிடத் தெளிவான படத்தைத் தந்தவை எம்பெக்-4 வகையைச் சேர்ந்த டிவ்எக்ஸ், 2001-இல் தோன்றிய எக்ஸ்விட் ஆகியவை. பின்னர் எச்.264 தரநிலையைப் (2003) பின்பற்றும் எக்ஸ்264 அவற்றின் இடத்தைப் பிடித்தது.

படத்தினுள் மறைகுறி

எண்ணிம முறையில் படம் திரையிடப்படும்போது கண்ணுக்குத் தெரியாத குறியைக் காட்சியில் கலக்க முடியும். 2005-இல் வெளியான டிசிஐ விவரக்குறிப்பு இதற்கு 35 பிட்டுகளை ஒதுக்கியது. 16 பிட்டுகள் நேரத்துக்கு உரியவை. ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஓர் எண் என்றால் 366 நாளுக்கு 35,136 எண்கள் வேண்டும். 16 பிட்டுகளில் 65,536 எண்கள் அடங்கும் என்பதால் இது போதுமானது. மீதி 19 பிட்டுகள் திரையிட்ட இடத்தைச் சுட்டும். கேமராவில் எடுத்து 700 எம்பிக்குச் சுருக்கினாலும் அழியாதிருப்பதே இக்குறியின் நோக்கம். மயிலாப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ரியல் இமேஜ் நிறுவனம் உருவாக்கிய 'கியூப்' தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் பரவலாக உள்ள எண்ணிமத் திரையிடல் முறைகளுள் ஒன்று.

சட்டம்

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 63-ஆம் பிரிவு, 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. தமிழ்நாட்டில் 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டுக் காணொளித் திருடர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். இதன்படி ஒருவரை விசாரணையின்றி 12 மாதம் வரை காவலில் வைக்கலாம்.

2012-இல் '3' திரைப்படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த தடையாணையை அடுத்து, இணையச் சேவை நிறுவனங்கள் சில தளங்களை முழுவதுமாக முடக்கின. குற்றமற்ற காணொளிகளும் இதனால் தடைபட்டன. அதே ஆண்டு ஜூனில், குறிப்பிட்ட இணைய முகவரிகளை மட்டுமே முடக்க வேண்டும் என நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2023-ஆம் ஆண்டுத் திரைப்படத் திருத்தச் சட்டம், திரையரங்கில் படம்பிடிப்பதையே தனிக் குற்றமாக்கியது. இதற்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதமும் உண்டு.